குஞ்சு பொரிப்பில் எங்கே தப்பு? அறிகுறியை வைத்துக் கண்டுபிடிக்கும் முறை

வீட்டில் இன்குபேட்டர் வைத்திருப்பவர்கள் கொண்டுவரும் புகார் பெரும்பாலும் ஒன்றுதான்: "எல்லாம் சரியாத்தான் வச்சேன், பாதிகூடப் பொரிக்கலை." இதைக் கேட்டுக் கேட்டு, நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வியும் ஒன்றாகிவிட்டது. பொரிக்காத முட்டைகள் இருக்கின்றனவா, குப்பைக்குப் போய்விட்டனவா? இருந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. கரு எந்த நாளில், எந்த நிலையில் நின்றது என்பதை உடைத்துப் பார்த்தாலே காரணம் இரண்டு மூன்றுக்குள் அடங்கிவிடும். உடைக்காமல் யோசித்தால் வெப்பம், ஈரம், சேவல், தீவனம், கரண்ட் என்று எல்லாவற்றின் மேலும் சந்தேகம் வரும்.

உங்களுக்குத் தெரியும் அறிகுறி எதுவோ அந்தத் தலைப்புக்கு நேராகப் போகலாம். ஒவ்வொன்றிலும் செலவில்லாத காரணம் முதலில், கையைக் கடிக்கும் காரணம் கடைசியில். ஒரு ஈட்டில், அதாவது ஒரு தடவை சேர்த்து அடை வைக்கும் முட்டைகளில், ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வெப்பத்தையும் ஈரத்தையும் சேர்த்து மாற்றினால் அடுத்த ஈடு நன்றாக வந்தாலும் எதனால் வந்தது என்று தெரியாது.

## எந்த அறிகுறியாக இருந்தாலும்: முதலில் தெர்மாமீட்டர்

இன்குபேட்டரின் திரையில் தெரியும் எண்ணை நம்பாதீர்கள். விலை குறைந்த பெட்டிகளில் அது அரை டிகிரி, ஒரு டிகிரி தள்ளி நிற்பது சாதாரணம். குஞ்சு பொரிப்பில் ஒரு டிகிரி என்பது பெரிய தப்பு.

சோதிக்க, காய்ச்சல் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் போதும். அது மிகத் துல்லியமாக இருப்பதே நமக்குத் தேவையான 37, 38 டிகிரி வட்டாரத்தில்தான். ஒரு டம்ளரில் வெதுவெதுப்பான நீர் எடுத்து, இன்குபேட்டருக்குள் வைக்கும் தெர்மாமீட்டரின் முனையையும் காய்ச்சல் தெர்மாமீட்டரின் முனையையும் ஒட்டிப் பிடித்து, நீரைக் கலக்கிக்கொண்டே பாருங்கள். வித்தியாசம் எவ்வளவோ அதை ஒரு துண்டு டேப்பில் எழுதிப் பெட்டியின் மேல் ஒட்டிவிடுங்கள். தெர்மாமீட்டரை மாற்ற வேண்டியதில்லை, எவ்வளவு தள்ளிக் காட்டுகிறது என்று தெரிந்தால் போதும். நீரில் நனைக்கக் கூடாத வகை என்றால், காய்ச்சல் தெர்மாமீட்டரைப் பெட்டிக்குள்ளேயே முட்டை மட்டத்தில் அதன் பக்கத்தில் வைத்துச் சரிபாருங்கள்.

இருக்க வேண்டிய அளவு: உள்ளே ஃபேன் ஓடும் பெட்டியில் 37.5 டிகிரி செல்சியஸ், அதாவது 99.5 பாரன்ஹீட். ஃபேன் இல்லாத பெட்டியில் மேலே சூடும் கீழே குளிர்ச்சியும் இருக்கும் என்பதால், முட்டையின் மேல்பக்க மட்டத்தில் வைத்துப் பார்த்தால் 38.5 அளவில் இருக்க வேண்டும். ஃபேன் இல்லாத பெட்டியில் அடித்தட்டில் தெர்மாமீட்டரைப் படுக்கப்போட்டு 37.5 வைப்பவர்கள் முட்டையின் தலையைச் சுட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்று அர்த்தம்.

காற்றின் ஈரப்பதத்தைக் காட்டும் ஈரமானிக்கும் ஒரு சோதனை உண்டு. பாட்டில் மூடி நிறைய உப்பு எடுத்து, கரையாமல் ஈரமாக மட்டும் ஆகும்படி சில சொட்டு நீர் விட்டு, ஈரமானியோடு காற்றுப் புகாத டப்பாவில் ஓர் இரவு மூடி வையுங்கள். காலையில் 75 சதவீதம் காட்ட வேண்டும். எவ்வளவு தள்ளிக் காட்டுகிறதோ அதையும் டேப்பில் எழுதுங்கள்.

இந்த இரண்டையும் செய்யாமல் கீழே படிப்பதில் பயனில்லை.

## அறிகுறி 1: ஏழாம் நாள் டார்ச் அடித்தால் முட்டை தெளிவாக இருக்கிறது

இருட்டறையில் முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டி வைத்துப் பார்க்கும்போது, கரு கூடிய முட்டையில் ஒரு கரும்புள்ளியும் அதைச் சுற்றிச் சிலந்திவலை விரிந்த மாதிரி ரத்த நாளங்களும் தெரியும். ஒன்றுமே இல்லாமல் ஆரஞ்சு வெளிச்சம் மட்டும் வந்தால் அது கூமுட்டை, அல்லது முதல் ஓரிரு நாளிலேயே நின்றுபோனது. ஓடு அடர் பழுப்பாக இருந்தால் ஏழாம் நாளில் முடிவு செய்யாதீர்கள். பத்தாம் நாள் வரை பொறுங்கள்.

### ஒன்றிரண்டு மட்டும் தெளிவு

இது இயல்பு. எல்லா முட்டையிலும் கரு கூடுவதில்லை. எடுத்துப் போட்டுவிட்டு மேலே போங்கள்.

### பாதிக்கு மேல் தெளிவு, அல்லது எல்லாமே தெளிவு

முதல் கேள்வி, முட்டை எவ்வளவு நாள் பழையது? ஏழு நாளுக்குள் அடை வைப்பது நல்லது. பத்து நாளைத் தாண்டினால் பொரிக்கும் விகிதம் மளமளவென்று இறங்கும். சேர்த்து வைக்கும் இடம் 15 முதல் 18 டிகிரி குளிர்ச்சியோடு, கூர்முனை கீழே இருக்கும்படி இருக்க வேண்டும். ஃபிரிட்ஜின் 4 டிகிரியும் வேண்டாம், 25 டிகிரிக்கு மேல் போகும் சமையலறை மேடையும் வேண்டாம். அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கி நின்றுபோகும். டார்ச்சில் பார்த்தால் கூமுட்டை போலவே தெரியும்.

அடுத்தது, முட்டை எங்கிருந்து வந்தது? பார்சலில் குலுங்கி வந்திருந்தால், வந்த உடனே வைக்கக் கூடாது. கூர்முனை கீழாக ஒரு நாள் அசையாமல் இருக்கட்டும். அப்படியும் பார்சல் முட்டையில் பாதி பொரித்தால் திருப்தி அடைய வேண்டியதுதான்.

இவை இரண்டும் சரியென்றால் சேவல் பக்கம் வாருங்கள். இதற்கு இன்குபேட்டர் தேவையில்லை. அன்று இட்ட முட்டைகள் நான்கைந்தைத் தட்டில் உடைத்து மஞ்சள் கருவின் மேல் இருக்கும் வெண்புள்ளியைப் பாருங்கள். ஒழுங்கற்ற சின்ன வெள்ளைத் திட்டாக மட்டும் இருந்தால் கரு கூடவில்லை. நடுவில் தெளிந்தும் சுற்றிலும் வளையம் போட்டும் வட்டமாக இருந்தால் கூடியிருக்கிறது. எதிலும் வளையம் இல்லையா? எட்டு முதல் பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்ற கணக்கு இருக்கிறதா, சேவல் கிழடாகிவிட்டதா, காலில் புண் இருந்து மிதிக்க முடியாமல் நிற்கிறதா என்று பாருங்கள். இரண்டு சேவல்கள் ஒன்றையொன்று விரட்டிக்கொண்டே இருந்தாலும் இதே கதைதான். அடைசலாக முடி வளரும் இனங்களில் எச்சத்துளையைச் சுற்றியுள்ள இறகைக் கத்தரித்தாலே சரியாகிவிடுவதுண்டு. அதுவும் பலிக்காவிட்டால்தான் சேவலை மாற்றுவது. மாற்றிய பிறகு ஒரு வாரம் கழித்து முட்டை சேர்க்கத் தொடங்கலாம். அந்தச் சேவலின் வாரிசுதான் வேண்டும் என்றால் மூன்று வாரம் பொறுக்க வேண்டும், ஏனென்றால் பழைய சேவலின் விந்து பெட்டையின் உடலில் இரண்டு வாரத்துக்கு மேலும் உயிரோடு தங்கும்.

## அறிகுறி 2: டார்ச் வெளிச்சத்தில் சிவப்பு வளையம்

நாளங்கள் இல்லாமல், முட்டைக்குள் ஒற்றைச் சிவப்புக் கோடு வட்டமாகத் தெரிந்தால் கரு வளரத் தொடங்கி முதல் வாரத்திலேயே செத்திருக்கிறது. எடுத்துவிடுங்கள், இனி அது திரும்பாது.

சேவலைத் திட்டாதீர்கள், அது தன் வேலையைச் செய்துவிட்டது. முதல் மூன்று நாட்களில் வெப்பம் எகிறியதா என்பதுதான் கேள்வி. முட்டையை வைப்பதற்கு ஒரு நாள் முன்பே பெட்டியை ஓடவிட்டு, வெப்பம் நிலையான பிறகு வைத்தீர்களா? குளிர்ந்த முட்டைகளை வைத்ததும் வெப்பமானி இறங்கியதைப் பார்த்து உடனே குமிழைத் திருப்பினீர்களா? இது மிகச் சாதாரணமாக நடப்பது. முட்டைகள் சூடேறச் சில மணி நேரம் ஆகும். அதற்குள் குமிழைத் திருப்பினால் இரவில் எண் 39, 40 என்று போய் நிற்கும். பெட்டி வெயில் விழும் ஜன்னலோரத்தில் இருந்தாலும் இதேதான்.

வெப்பம் சரியென்றால், திருப்பியதைப் பாருங்கள். ஒரு நாளைக்குக் குறைந்தது மூன்று முறை திருப்ப வேண்டும், முதல் வாரத்தில் அது மிக முக்கியம். ஒற்றைப்படை எண்ணிக்கையில் திருப்பச் சொல்வதற்குக் காரணம், நீண்ட இராப்பொழுதில் முட்டை தினமும் ஒரே பக்கம் கிடக்கக் கூடாது என்பதே. தானாகத் திருப்பும் தட்டு இருந்தால் பென்சிலால் ஒரு முட்டையில் கோடு போட்டுவிட்டு, அது உண்மையில் அசைகிறதா என்று பாருங்கள். மோட்டார் ஓடும் சத்தம் கேட்கும், தட்டு நகராது. பல் தேய்ந்த தட்டுகளில் இது சகஜம்.

## அறிகுறி 3: பெட்டி நாறுகிறது

தேடிக்கொண்டிருக்காமல் ஒவ்வொரு முட்டையாக மூக்கருகே கொண்டுபோய் மோந்து பாருங்கள். நாறுவதையும், ஓட்டில் முத்துமுத்தாகக் கசிந்திருப்பதையும் குலுக்காமல் எடுத்து, பையில் கட்டி வெளியே கொண்டுபோய்விடுங்கள். உள்ளே வெடித்தால் மற்ற முட்டைகளின் ஓட்டுத் துளை வழியே கிருமி புகுந்துவிடும். அடுத்த முறை எச்சம் ஒட்டிய முட்டையை வைக்காதீர்கள். குளிர்ந்த நீரில் கழுவி வைப்பது இன்னும் மோசம், உள்ளே இருப்பது சுருங்கி வெளி அழுக்கை இழுத்துக்கொள்ளும். முட்டையிடும் பெட்டியில் கூளத்தை அடிக்கடி மாற்றினால் இந்தத் தலைப்புக்கே வேலை இருக்காது.

## அறிகுறி 4: கரண்ட் போய்விட்டது, பெட்டி ஆறிக்கொண்டிருக்கிறது

திறந்து பார்க்காதீர்கள். கம்பளியோ தடித்த போர்வையோ போர்த்தி, காற்றுத் துளைகளை மட்டும் விட்டுவிடுங்கள். சில மணி நேரக் குளிர்ச்சியைக் கரு தாங்கும், தாய்க்கோழியும் இரை தேட எழுந்து போவதுதானே. பொரிப்பு ஓரிரு நாள் தள்ளிப்போகலாம். கரண்ட் வந்த பிறகு வெப்பத்தை ஏற்றி ஈடுகட்ட நினைப்பதுதான் கொல்லும். குளிர்ச்சியைப் பொறுக்கும் கரு 40 டிகிரிக்கு மேலான சூட்டைப் பொறுக்காது. நான்கு நாள் கழித்து டார்ச் அடித்துப் பாருங்கள், அதற்குள் எதையும் தூக்கி எறிய வேண்டாம்.

அடிக்கடி கரண்ட் போகும் இடமானால், பெட்டிக்குள் மூடிய நீர் பாட்டில்களை முன்கூட்டியே வைத்துவிடலாம். அவை சூட்டைப் பிடித்து வைத்து மெதுவாக விடும். அதற்கு மேல் வேண்டுமென்றால் பேட்டரி இணைப்பு உள்ள பெட்டி, அது செலவு.

## அறிகுறி 5: நாள் தப்புகிறது

கோழிக்கு 21 நாள். 19ஆம் நாளின் இறுதியிலேயே ஓடு உடையத் தொடங்கி, குஞ்சுகள் சிறுத்தும் தொப்புள் ஆறாமலும் வந்தால் வெப்பம் அதிகம். 22, 23 என்று இழுத்து, குஞ்சுகள் மந்தமாக, வயிறு பெருத்து வந்தால் வெப்பம் குறைவு. பழைய முட்டைகளும் தாமதமாகத்தான் பொரிக்கும், ஆனால் அப்போது ஒரே பெட்டியில் புதிய முட்டை நேரத்துக்கும் பழையது பின்னாலும் வரும். எல்லாமே ஒரு சேரத் தள்ளினால் தெர்மாமீட்டர்தான்.

மூன்று நாள் இழுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பொரித்தால், பெட்டிக்குள் மூலைக்கு மூலை வெப்பம் வேறாக இருக்கிறது. தெர்மாமீட்டரை நான்கு மூலையிலும் நடுவிலும் மாற்றி மாற்றி வைத்துப் பாருங்கள். அரை டிகிரிக்கு மேல் வித்தியாசம் இருந்தால் தினமும் முட்டைகளின் இடத்தை மாற்றுவது முதல் வைத்தியம், ஃபேனைத் துடைப்பது அல்லது மாற்றுவது அடுத்தது.

## அறிகுறி 6: முழுதாக வளர்ந்து, ஓட்டுக்குள்ளேயே செத்திருக்கிறது

இதுதான் மனதை நோகடிப்பது, துப்பு அதிகம் கிடைப்பதும் இதில்தான். 23ஆம் நாளும் முடிந்து, டார்ச்சில் அசைவில்லை, காதில் வைத்தால் சத்தமில்லை என்று உறுதியான பிறகு, கையுறை போட்டு அகன்ற முனையிலிருந்து ஓட்டைப் பெயர்த்துப் பாருங்கள்.

### உள்ளே ஈரமாக, சொதசொதவென்று இருக்கிறது, காற்றறை சின்னது

ஈரப்பதம் அதிகமாகிவிட்டது. முட்டை 18 நாளில் தன் எடையில் 12 முதல் 14 சதவீதத்தை நீராவியாக இழக்க வேண்டும். இழந்தால்தான் அகன்ற முனையில் ஓட்டுக்கு அடியில் உள்ள காற்றறை பெரிதாகி, குஞ்சு முதல் மூச்சு விட இடம் கிடைக்கும். இழக்காவிட்டால் அலகால் குத்திய இடத்தில் காற்றுக்குப் பதில் திரவம் இருக்கும்.

முதல் 18 நாளுக்கு 45 முதல் 55 சதவீதம் போதும். பலரும் ஈரம் குறையக் கூடாது என்று பயந்து நீர்த் தொட்டி முழுவதையும் முதல் நாளே நிரப்பிவிடுகிறார்கள். என் கணக்கில் ஈரம் குறைந்து செத்ததைவிடக் கூடிச் செத்ததே அதிகம். ஈரமானியைவிட நம்பகமான கருவி சமையலறைத் தராசு: 50 கிராம் முட்டை 18ஆம் நாளில் 43, 44 கிராமில் நிற்க வேண்டும். ஏழாம் நாளிலேயே ஒருமுறை நிறுத்துப் பாருங்கள். இரண்டரை கிராம் வரை குறைந்திருந்தால் சரியான பாதை. குறையவில்லையென்றால் ஒரு தொட்டி நீரை எடுத்துவிடுங்கள்.

### சவ்வு காகிதமாகக் காய்ந்து குஞ்சின் மேல் ஒட்டியிருக்கிறது

எதிர்ப்பக்கம். கடைசி மூன்று நாளில் ஈரம் போதவில்லை, அல்லது பொரிக்கும் நேரத்தில் மூடியைத் திறந்துகொண்டே இருந்தீர்கள். 18ஆம் நாளுக்கு மேல் 65 முதல் 70 சதவீதம் தேவை, திருப்புவதும் அன்றோடு நிற்க வேண்டும். நீரை ஆழமாக ஊற்றுவதால் ஈரம் ஏறாது. நீரின் பரப்பு கூடினால்தான் ஏறும், அதனால் நனைத்த பஞ்சுத் துண்டு ஒன்றை உள்ளே வைப்பது எளிது. முதலில் பொரித்த குஞ்சை வெளியே எடுக்கும் ஆசைதான் மற்றதைக் கொல்கிறது. மஞ்சள் கருவை உறிஞ்சிக்கொண்டு வந்த குஞ்சு இரண்டு நாளைக்கு இரையில்லாமல் இருக்கும். உள்ளேயே கிடக்கட்டும்.

### தலை கூர்முனையில் இருக்கிறது

முட்டையைத் தலைகீழாக வைத்திருக்கிறீர்கள், அல்லது திருப்புவது போதவில்லை. நிறுத்தி வைப்பதானால் அகன்ற முனை மேலே. படுக்க வைப்பதானால் கவலையில்லை.

### காற்றறைக்குள் அலகு வந்திருக்கிறது, அங்கேயே நின்றுவிட்டது

காற்றோட்டம். கடைசி நாட்களில் குஞ்சுக்கு ஆக்சிஜன் தேவை மிக அதிகம். ஈரம் போய்விடும் என்று பயந்து துளைகளை அடைத்துவைத்தால் மூச்சு முட்டும். துளைகளைத் திறந்துவிட்டு, ஈரத்துக்கு நனைத்த துண்டை நம்புங்கள். இந்த நாட்களில் குஞ்சுகளே சூடு உண்டாக்கும், அதனால் நிறைந்த பெட்டியில் வெப்பம் தானாக ஏறுகிறதா என்றும் பாருங்கள்.

### எல்லா நாளிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செத்திருக்கிறது

ஒரு நாளில் என்று இல்லாமல் கலந்தடித்துச் செத்திருந்தால், முட்டையிட்ட கோழிகளின் பக்கம் திரும்புங்கள். தானியம் மட்டும் தின்னும் கோழியின் முட்டையில் வைட்டமின் போதாது. அடை வைக்க முட்டை சேர்ப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே சரிவிகிதத் தீவனம் கொடுத்துப் பாருங்கள். நெருங்கிய உறவுக்குள்ளேயே தலைமுறை தலைமுறையாக இனம் சேர்ந்தாலும் இப்படி ஆகும், அதற்கு வெளியிலிருந்து சேவல் வர வேண்டும். தீவனமும் சேவலும் மாறிய பிறகும் தொடர்ந்தால், செத்த கருக்களோடு கால்நடை மருத்துவரைப் பாருங்கள். தாய்வழியே முட்டைக்குள் இறங்கும் நோய்கள் உண்டு, அவற்றை ஆய்வகத்தில்தான் கண்டுபிடிக்க முடியும்.

## அறிகுறி 7: ஓட்டில் துளை போட்டுவிட்டு அப்படியே நிற்கிறது

கடிகாரத்தைப் பாருங்கள், கையை வைக்காதீர்கள். காற்றறைக்குள் அலகு நுழைந்ததிலிருந்து ஓட்டில் துளை விழ ஒரு நாள் வரை ஆகலாம். துளை விழுந்ததிலிருந்து வெளியே வர இன்னும் 12 முதல் 24 மணி நேரம். இந்த இடைவெளியில் குஞ்சு அசையாமல் கிடப்பது ஓய்வல்ல, வேலை. சவ்வில் ஓடும் ரத்தத்தை உடம்புக்குள் இழுத்துக்கொண்டிருக்கிறது, மஞ்சள் கருவை வயிற்றுக்குள் வாங்கிக்கொண்டிருக்கிறது. இப்போது ஓட்டைப் பிய்த்தால் ரத்தம் கொட்டி ஒரே நிமிடத்தில் முடிந்துவிடும்.

24 மணி நேரம் தாண்டியும் துளை பெரிதாகவில்லை, உள்ளிருந்து கீச்சொலி பலவீனமாகிறது என்றால் மட்டும் உதவலாம். அறையின் ஜன்னலை மூடி, ஈரத் துணியைக் கையோடு வைத்துக்கொண்டு, துளையின் விளிம்பில் அரிசி அளவு ஓட்டை மட்டும் பெயருங்கள். வெளிச் சவ்வை வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சுக் குச்சியால் தொடுங்கள். நனைந்ததும் அது கண்ணாடியாகி, அடியில் நாளங்கள் இருந்தால் தெரியும். சிவப்புக் கோடு ஒன்று தெரிந்தாலும் நிறுத்திவிட்டு முட்டையைப் பெட்டிக்குள் திருப்பி வையுங்கள், ஆறு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். குஞ்சு வாயைத் திறந்து மூடி எதையோ மெல்கிற மாதிரி செய்தாலும் அதே பதில்தான்: மஞ்சள் கரு இன்னும் உள்ளே போய் முடியவில்லை.

நாளங்கள் வற்றி, சவ்வு வெளுத்துக் காய்ந்திருந்தால், அகன்ற முனையைச் சுற்றித் தொப்பி கழற்றும் அளவுக்கு ஓட்டை எடுத்து, அலகைச் சவ்விலிருந்து விடுவித்துவிட்டு மீதியைக் குஞ்சிடமே விடுங்கள். கால்களை உதைத்து வெளியே வருவது அதற்குத் தேவையான பயிற்சி. முழுதாக உரித்து எடுத்த குஞ்சில் பல நிற்காது. மூன்று, நான்கு முட்டைக்கு மேல் இந்த உதவி தேவைப்பட்டால் பிரச்சினை குஞ்சில் இல்லை, அறிகுறி 6க்குத் திரும்பிப் போங்கள்.

## அறிகுறி 8: அடைக்கோழி முட்டையை விட்டு எழுந்துவிடுகிறது

இன்குபேட்டர் இல்லாதவர்களுக்கு இது. தினமும் ஒருமுறை எழுந்து இரை, தண்ணீர், எச்சம் முடித்துக் கால் மணியிலிருந்து அரை மணிக்குள் திரும்பினால் ஒன்றும் செய்ய வேண்டாம். திரும்பாவிட்டால், இரவில் டார்ச்சோடு கூட்டின் இடுக்குகளையும் கோழியின் எச்சத்துளைப் பக்கமும் பாருங்கள். செள்ளும் உண்ணியும் மொய்த்தால் எந்தக் கோழியும் உட்காராது. கூளத்தை எரித்துவிட்டு, கோழிக்கும் கூட்டுக்கும் மருந்து அடிக்க வேண்டும்.

செள் இல்லையா? மற்றக் கோழிகள் அதே கூட்டில் முட்டையிட வந்து விரட்டுகின்றனவா என்று பாருங்கள். அடை வைத்த முட்டைகளில் பென்சிலால் குறி போட்டிருந்தால் புதிதாக வந்தது தெரிந்துவிடும். தனி இடத்துக்கு மாற்றுவதானால் இருட்டிய பிறகு மாற்றுங்கள், பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். முட்டைகள் பன்னிரண்டுக்கு மேல் இருந்தால் ஓரத்தில் உள்ளவை ஆறிப்போகும். குறையுங்கள்.

## அறிகுறி 9: பொரித்த குஞ்சு நிற்கவில்லை, அல்லது தொப்புள் ஈரமாக இருக்கிறது

கால்கள் இரண்டு பக்கமும் விரிந்து வழுக்கினால் முதல் சந்தேகம் தரை. செய்தித்தாளும் வழவழப்பான பிளாஸ்டிக்கும் குஞ்சின் காலுக்கு எதிரி. சொரசொரப்பான துணியோ ரப்பர் விரிப்போ போடுங்கள். விரிந்த காலை, ஒட்டும் பேண்டேஜின் மெல்லிய துண்டால், இயல்பாக நிற்கும் இடைவெளி விட்டு எட்டு வடிவில் இணைத்துக் கட்டினால் இரண்டு மூன்று நாளில் சரியாகும். முதல் இரண்டு நாளுக்குள் கட்ட வேண்டும், வாரம் போனால் பலிக்காது. விரல்கள் உள்பக்கமாகச் சுருண்டிருந்தால் வைட்டமின் பி2 குறைவு, நீரில் கலக்கும் வைட்டமின் கொடுத்து, காலுக்கு அட்டைச் செருப்பு ஒட்டிவிடலாம்.

தொப்புள் ஈரமாக, வீங்கி, நாற்றத்தோடு இருந்தால் அது வேறு கதை. உலர்ந்த கரும்பொருக்கு என்றால் பயமில்லை, பிய்க்காதீர்கள், தானே உதிரும். நாறினால் கிருமி உள்ளே போய்விட்டது, அந்தக் குஞ்சைத் தனியே பிரித்து மருத்துவரிடம் காட்டுங்கள். பிழைப்பது கடினம். ஒரே ஈட்டில் பல குஞ்சுக்கு இப்படி வந்தால் இன்குபேட்டரை முழுவதும் கழற்றிக் கழுவிக் கிருமிநாசினி போடாமல் அடுத்த முட்டையை வைக்கவே கூடாது.

## அறிகுறி 10: பல்பு போட்ட வளர்ப்புப் பெட்டியில் குஞ்சுகள் ஓயாமல் கத்துகின்றன, அல்லது பின்புறம் அடைத்துக்கொள்கிறது

கத்தினால் தெர்மாமீட்டரைவிடக் குஞ்சுகள் கிடக்கும் விதத்தைப் பாருங்கள். பல்புக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் குளிர். ஓரங்களில் ஒட்டி, வாய் பிளந்து, இறக்கையைத் தொங்கவிட்டால் சூடு. எல்லாம் ஒரே பக்கமாக ஒதுங்கினால் எதிர்ப்பக்கத்திலிருந்து காற்று அடிக்கிறது. முதல் வாரம் பல்புக்கு அடியில் 35 டிகிரி, அப்புறம் வாரத்துக்கு மூன்று டிகிரி வீதம் குறைத்து, இறகு முளைத்த பிறகு நிறுத்தலாம். பல்பை உயர்த்துவதுதான் குறைக்கும் வழி. சங்கிலியில் இரண்டு இடத்தில் கட்டித் தொங்கவிடுங்கள், கூளத்தில் விழுந்தால் வீட்டையே எரிக்கும்.

பின்புறம் எச்சம் ஒட்டிக் காய்ந்து அடைத்தால், வெதுவெதுப்பான நீரில் பஞ்சை நனைத்து ஊறவைத்துத் துடையுங்கள். உலர்ந்ததைப் பிய்த்தால் தோல் வந்துவிடும். ஒன்றிரண்டுக்கு என்றால் பெட்டியின் சூடு அதிகம் அல்லது முதல் தண்ணீர் தாமதம். பாதிக் குஞ்சுகளுக்கு வெள்ளையாகக் கழிந்து, தினம் ஒன்றிரண்டு சாகிறது என்றால் வீட்டு வைத்தியத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் போங்கள், தாய்க்கோழியிலிருந்து முட்டை வழியாக இறங்கும் சால்மோனெல்லா வகை நோயாக இருக்கலாம். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவதும், குழந்தைகள் குஞ்சுக்கு முத்தம் கொடுக்காமல் பார்த்துக்கொள்வதும் இதனால்தான்.

## அறிகுறி 11: மூன்று வாரத்துக்கு மேற்பட்ட குஞ்சு, இறகு சிலிர்த்துக் குறுகி நிற்கிறது

எச்சத்தைப் பாருங்கள். ரத்தம் கலந்திருந்தால், மூன்று முதல் ஆறு வார வயதில் முதல் சந்தேகம் ரத்தக்கழிச்சல். ஈரக் கூளமும் நெரிசலும்தான் அதற்கு வீடு. கூளத்தை அள்ளி மாற்றி, தண்ணீர்க் கிண்ணம் சிந்தாத உயரத்துக்குத் தூக்கி, ஆம்ப்ரோலியம் மருந்தை உறையில் எழுதிய அளவில் குடிநீரில் கொடுங்கள். அந்த நாட்களில் வைட்டமின் பி கலவையைச் சேர்த்துக் கொடுக்காதீர்கள், பி1 இந்த மருந்தின் வேலையைக் கெடுக்கும். இரண்டு நாளில் தேறவில்லையென்றால் எச்ச மாதிரியோடு மருத்துவரிடம்.

எச்சத்தில் ரத்தம் இல்லை, ஒரு கால் முன்னும் ஒரு கால் பின்னுமாக நீட்டிப் படுத்துக்கிடக்கிறது என்றால் மாரெக் நோய். இதற்கு மருந்து கிடையாது, பொரித்த நாளிலேயே போடும் தடுப்பூசி மட்டும்தான். பச்சையாகக் கழிந்து, மூச்சு இழுத்து, கழுத்து முறுக்கிக்கொண்டு, அடுத்தடுத்த குஞ்சுக்கும் பரவினால் வெள்ளைக்கழிச்சல் என்ற ராணிக்கெட். அதற்கும் மருந்தில்லை, முதல் வாரத்தில் கண்ணில் விடும் சொட்டு மருந்தும் பிறகு வரும் ஊசிகளும்தான் காப்பு. கழுத்து முறுக்கல் ஒரே ஒரு குஞ்சுக்கு மட்டும், மூச்சுத் திணறலோ கழிச்சலோ இல்லாமல் இருந்தால் வைட்டமின் குறைவாக இருக்க வாய்ப்புண்டு. பி1, ஈ கொடுத்துப் பாருங்கள், தேறுகிறதா என்று இரண்டு நாளில் தெரிந்துவிடும்.

ஒரே நாளில் பல கோழிகள் முன்னறிகுறி இல்லாமல் சாகிறது, கொண்டையும் முகமும் நீலமாக வீங்குகிறது என்றால் தொடாதீர்கள், அறுக்காதீர்கள், யாருக்கும் கொடுக்காதீர்கள். பறவைக் காய்ச்சலாக இருக்கக்கூடும். கால்நடைத் துறைக்கு உடனே தகவல் சொல்லிவிட்டு, அவர்கள் வரும்வரை கூட்டுக்குள் போகாமல் இருங்கள்.

மற்றபடி ஒன்று மட்டும் செத்து, காரணம் தெரிய மருத்துவரிடம் கொண்டுபோவதானால், கையுறை போட்டு இரண்டு பைகளில் கட்டி ஐஸ்கட்டியோடு வைத்து ஒரு நாளுக்குள் கொடுத்துவிடுங்கள். ஃப்ரீசரில் உறையவைத்தால் திசு சிதைந்து, அறுத்துப் பார்ப்பவருக்கு ஒன்றும் தெரியாமல் போகும். கூடவே ஒரு தாளில் வயது, தீவனம், போட்ட தடுப்பூசிகள், முதல் சாவு எப்போது என்று எழுதிக் கொடுங்கள். அவர் முதலில் கேட்கப்போவதும் அதைத்தான்.